புதைத்தால் 9 கிலோ, மறுசுழற்சிக்குக் கொடுத்தால் 21 கிலோவா?

மின்யாக்_ஸ்டோர்
மலேசியாவில், பினாங்கு புக்கிட் மின்யாக்கில் ஒரு தொழிற்சாலையில் ஸ்டோரைப் பார்த்துக்கொள்கிறேன். எங்களிடம் சரக்கு வாங்கும் கம்பெனி ஒரு படிவம் அனுப்பியிருக்கிறது. பேக்கேஜிங் கழிவை அகற்றுவதால் ஆண்டுக்கு எவ்வளவு கரிம உமிழ்வு என்று எழுதித் தர வேண்டுமாம். பிரிட்டன் அரசு ஆண்டுதோறும் வெளியிடும் அட்டவணையைப் பயன்படுத்தச் சொல்கிறார்கள். அதன் 2023-ஆம் ஆண்டுப் பதிப்பின்படி ஒரு டன் நெகிழியைப் புதைத்தால் சுமார் 9 கிலோ உமிழ்வு, மறுசுழற்சிக்குக் கொடுத்தால் சுமார் 21 கிலோ. அப்படியானால் பாலேட்டில் (சரக்கு அடுக்கும் பலகையில்) சுற்றிவரும் ஸ்ட்ரெச் ஃபிலிம் என்னும் நெகிழித் தாளை ஆள் வைத்து லேபிள் உரித்து, மூட்டை கட்டி ஏற்றிவிடுவது வெட்டி வேலையா? மேனேஜர் கேட்கிறார், எனக்குப் பதில் வரவில்லை.

தராசு
அட்டவணை சரிதான் சார், ஒப்பிடுவதுதான் தப்பு. நெகிழி மண்ணுக்குள் மக்காது, அதனால் வாயுவும் வராது. அந்த 9 கிலோ பெரும்பாலும் லோரி ஓடுவதும் குப்பைமேட்டில் இயந்திரம் ஓடுவதும்தான். 21 கிலோவும் போக்குவரத்துக் கணக்குதான். பழைய நெகிழியைக் கழுவி, உருக்கி, மறுபடி பொருள் செய்யக் குருணையாக்கும் உமிழ்வு அந்தக் குருணையை வாங்குகிறவர் தலையில் போய்விடும். கம்பெனிகள் உமிழ்வைக் கணக்கெழுதும் விதிமுறையான ஜி.எச்.ஜி. புரோட்டோகாலில் ஸ்கோப் 3 (கம்பெனிக்கு வெளியே நடக்கும் உமிழ்வு), வகை 5 (கழிவு அகற்றல்) என்று வரும் கணக்குக்கு இதுதான் வழி. அதே அட்டவணையில் அட்டைப்பெட்டி வரியையும் பாருங்கள். புதைத்தால் டன்னுக்கு 1,000 கிலோவுக்கு மேல், மறுசுழற்சிக்குக் கொடுத்தால் அதே 21. அட்டை மக்கி மீத்தேன் விடுகிறது, அதுதான் காரணம். உங்கள் ஸ்டோரில் அட்டைதானே அதிகம்? மேனேஜரிடம் அதைக் காட்டுங்கள்.

நிபோங்_திபால்_வாசி
9 கிலோவா? 2022 ஜனவரியில் புலாவ் புரோங் குப்பைமேடு பல நாள் எரிந்ததே, அது அந்த அட்டவணையில் எந்த வரியில் வருகிறது? ஜன்னலை அடைத்துக்கொண்டு வீட்டுக்குள் இருந்தோம். காய வைத்த துணியில் வாடை போகவே இல்லை. பாலிஎத்திலீனில் எடைக்கு ஏறக்குறைய 86 விழுக்காடு கரி. ஒரு டன் முழுசாக எரிந்தால் 3.1 டன் கார்பன் டை ஆக்சைடு. 9 கிலோ எங்கே, 3,100 கிலோ எங்கே? பிரிட்டன் குப்பைமேட்டில் மீத்தேனைக் குழாய் வைத்துப் பிடிப்பார்கள், அதை வைத்துப் போட்ட கணக்கை இங்கே கொண்டுவந்து ஒட்டுகிறீர்கள்.

தராசு
அக்கா, உங்கள் கோபம் நியாயம்தான். ஆனால் தீ என்பது விபத்து. ஆண்டுக் கணக்கில் அதைச் சேர்த்தால் போன வருடத்தோடு இந்த வருடத்தை ஒப்பிடவே முடியாது. கீழே ஒரு குறிப்பாக எழுதலாம். ஆளுக்கு ஓர் எண் வைத்துக்கொண்டால் அப்புறம் எதற்குக் கணக்கு?

நிபோங்_திபால்_வாசி
எரிகிற வருடம் எரியாத வருடம் மாதிரியே தெரிய வேண்டும் என்றால் அதற்குப் பெயர் கணக்கா? ஜெலுத்தோங் குப்பைமேடும் அதே 2022-இல் எரிந்தது. இத்தனை முறை நடந்த பிறகும் விபத்து விபத்து என்றே சொல்லிக்கொண்டிருங்கள்.

ஜூரு_லோரி
நான் இந்தத் தொழிலில் இருக்கிறேன். சுத்தமான, நிறமில்லாத ஸ்ட்ரெச் ஃபிலிமுக்கு நல்ல விலை. லேபிளும் டேப்பும் ஒட்டிக்கொண்டு வந்தால் குருணையில் கறுப்புப் புள்ளி விழும். ஃபேக்டரிக்காரர் விலையைக் குறைப்பார், சில நேரம் மூட்டையையே திருப்பி அனுப்புவார். திருப்பி அனுப்பியது கடைசியில் குப்பைமேட்டுக்குத்தான் போகும். ஆனால் கம்பெனிக்காரர் எடுத்து வைத்திருக்கும் எடை ரசீதில் மொத்தமும் "மறுசுழற்சி" என்றுதான் இருக்கும். எந்த அட்டவணை போட்டாலும் இதை யாரும் கேட்பதில்லை.

அப்புறம் தராசு சார், உருக்கும் உமிழ்வு வாங்குகிறவர் தலையில் என்று சுலபமாகச் சொல்லிவிட்டீர்கள். தீபகற்ப மலேசியாவின் மின்சாரத்துக்கு 2022-ஆம் ஆண்டு உமிழ்வுக் காரணி யூனிட்டுக்கு 0.774 கிலோ. ஒரு டன்னைக் கழுவி உருக்க 500 யூனிட் என்று ஒரு பேச்சுக்கு வைத்தாலே 387 கிலோ. இது 21-இல் இல்லை. வாங்குகிறவர் கணக்கே எழுதாதவராக இருந்தால் எங்கேயும் இல்லை.

பாயான்_லெப்பாஸ்_ரவி
கழிக்க வேண்டியதையும் கழியுங்களேன். புதிய பாலிஎத்திலீன் ஒரு டன் செய்ய சுமார் 2 டன் உமிழ்வு. நம் ஃபிலிம் அதற்குப் பதிலாகப் போகிறது என்றால் அந்த 2 டன்னில் பெரும்பங்கு நமக்கு மிச்சம். மைனஸ் போட்டுக் காட்டினால் மேனேஜரும் சந்தோஷப்படுவார்.

தராசு
கூடவே கூடாது. தவிர்த்த உமிழ்வை ஸ்கோப் 3 கணக்கில் கழிக்க புரோட்டோகால் விடாது, தனியாகத்தான் காட்டலாம். ஃபிலிமைக் கொடுத்தவர் கழிப்பார், உருக்கியவர் கழிப்பார், குருணையில் பை செய்தவரும் கழிப்பார். ஒரே நூறு வெள்ளியை மூன்று பேர் மொய் எழுதிக்கொண்ட கதை.

சார், உண்மையில் பார்க்க வேண்டிய இடம் வேறு. ரவி சொன்ன அந்த 2 டன் உமிழ்வு ஃபிலிமை வாங்கும்போதே வந்துவிடுகிறது, அது வகை 1 (வாங்கும் பொருள்). அகற்றலில் 9-ஆ 21-ஆ என்று அடித்துக்கொள்வது அதற்கு முன்னால் தூசு. பாலேட்டுக்கு நாலு சுற்று போதும் என்னும் இடத்தில் ஏழு சுற்று சுற்றுகிறார்களா என்று பாருங்கள்.

நிபோங்_திபால்_வாசி
குறைத்து வாங்குங்கள் என்பது சரி, அதில் சண்டை இல்லை. ஆனால் "தூசு" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடாதீர்கள். 2020 ஜனவரியில் 150 கொள்கலன் நெகிழிக் கழிவை 13 நாடுகளுக்குத் திருப்பி அனுப்பியதாக அமைச்சர் அறிவித்தது இதே பட்டர்வொர்த்தில்தான். அனுப்பிய நாட்டில் அதையெல்லாம் மறுசுழற்சிக்குப் போனதாகத்தானே எழுதியிருப்பார்கள்? எங்கே போய்ச் சேர்ந்தது என்று கேட்காத கணக்கு அப்படித்தான் முடியும்.

மின்யாக்_ஸ்டோர்
எனக்கு ஒன்று தெளிவாகிவிட்டது. அட்டையையும் ஃபிலிமையும் ஒரே வரியில் "பேக்கேஜிங்" என்று போடப் போவதில்லை. படிவத்தில் அட்டவணை எண்ணையே போடுகிறேன், எங்களிடம் சரக்கு வாங்குகிறவர் கேட்டது அதுதான். கூடவே, திரும்பி வந்த மூட்டையின் எடையை மாதாமாதம் கொடுக்கும்படி எங்கள் லோரிக்காரரிடம் கேட்கிறேன். ஜூரு அண்ணே, கேட்டால் கொடுப்பார்களா? இன்னொன்று, மழையில் நனைந்த அட்டையை எடை போடும்போது ஈரத்தைக் கழிப்பீர்களா?

ஜூரு_லோரி
கழிப்போம், பணத்தில். ரசீதில் பல பேர் முழு எடையைத்தான் எழுதுவார்கள். கூரைக்குக் கீழே வை தம்பி. திரும்பி வந்ததைப் பற்றி இதுவரை என்னிடம் யாரும் கேட்டதில்லை. கேட்டால் எழுதிக் கொடுப்பேன்.

தராசு
எழுதிக் கொடுத்தால் அந்த எடையை மறுசுழற்சி வரியிலிருந்து எடுத்துப் புதைப்பு வரிக்கு மாற்ற வேண்டும். மாற்றினால் உங்கள் ஃபிலிம் எண் இன்னும் குறையும், அதையும் மேனேஜரிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

நிபோங்_திபால்_வாசி
பார்த்தீர்களா, இன்னும் குறையுமாம்!