நம் குடும்பக் குழு: ரௌலட் (டாலஸ் அருகே, அமெரிக்கா) சுழற்காற்று, டிசம்பர் 2015

சனிக்கிழமை, டிசம்பர் 26, இரவு (டெக்சஸ் நேரம்)

அக்கா (ரௌலட்): நாங்கள் நால்வரும் நலமாக இருக்கிறோம். தொலைக்காட்சியில் கார்லண்ட், ரௌலட் என்ற பெயர்களைப் பார்த்து யாரும் பதற வேண்டாம் என்பதற்காகவே முதலில் இதை எழுதுகிறேன். மின்சாரம் இல்லை. கைப்பேசியில் சார்ஜ் குறைவாக இருப்பதால் அழைக்காதீர்கள். முடிந்தபோதெல்லாம் இங்கேயே எழுதுகிறேன்.

அண்ணன் (பிளேனோ): அக்கா, இதைப் பார்த்த பிறகுதான் எனக்கு உயிர் வந்தது. நான் இப்போதே கிளம்பி வரட்டுமா?

அக்கா (ரௌலட்): வேண்டாம் தம்பி. ஐ-30 நெடுஞ்சாலையும் ஜார்ஜ் புஷ் சுங்கச்சாலையும் சந்திக்கும் இடத்தில் வண்டிகள் தூக்கி எறியப்பட்டுக் கிடப்பதாக வானொலியில் சொல்கிறார்கள். மீட்புப் பணியில் இருப்பவர்களுக்கு அந்தச் சாலைகளை விட்டுக்கொடுப்போம்.

அப்பா (ஜாபர்கான்பேட்டை): எழுந்ததும் கண்ணில் பட்டது உன் செய்திதான் அம்மா. உன் தாய் பூஜை அறையில் உட்கார்ந்துவிட்டாள். குழந்தைகள் பயந்துவிட்டார்களா? வீட்டுக்குச் சேதம் உண்டா?

அக்கா (ரௌலட்): வேலியும் கூரை ஓடுகள் கொஞ்சமும் போயின, அவ்வளவுதான். டிசம்பருக்குப் பொருந்தாத ஒரு வெக்கை காலையிலிருந்தே இருந்தது. ஏழு மணி ஆவதற்குள் அபாயச் சங்கு ஒலித்தது; கைப்பேசிகளும் ஒரே நேரத்தில் அலறின. இங்குள்ள களிமண் ஈரத்தில் உப்பி வெயிலில் சுருங்குவதால் வட டெக்சஸில் நிலவறை உள்ள வீடுகள் மிகக் குறைவு. அதனால் ஜன்னல் இல்லாத கீழ்த்தளக் குளியலறைக்குள் பிள்ளைகளைத் தள்ளி, சைக்கிள் தலைக்கவசங்களை மாட்டிவிட்டு, மெத்தையைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டோம். இருட்டில் வந்ததால் அதை நாங்கள் கண்ணால் பார்க்கவே இல்லை. காது அடைத்தது, வீடு அதிர்ந்தது, பிறகு மழைச் சத்தம் மட்டுமே கேட்டது. வெளியே வந்து பார்த்தால், எங்களுக்குப் பின்னால் இருக்கும் தெருவில் கூரையோடு நிற்கும் வீட்டைத் தேடத்தான் வேண்டியிருந்தது.

சித்தி (மதுரை): மீனாட்சி காப்பாற்றினாள் கண்ணு. உயிர் பிழைத்ததே பெரிது.

ஞாயிற்றுக்கிழமை, டிசம்பர் 27

அக்கா (ரௌலட்): நேற்றைய வெக்கை எங்கே போனதென்று தெரியவில்லை, இன்று குளிரும் மழையுமாக இருக்கிறது. கூரை இழந்த வீடுகளுக்குள் இந்த மழை இறங்குவதைப் பார்க்கத்தான் மனம் தாங்கவில்லை. தேடி முடித்த வீடுகளின் சுவர்களில் மீட்புக் குழுவினர் வண்ணத்தால் குறியிட்டிருக்கிறார்கள். பின் தெருவில் தனியாக வசிக்கும் மூதாட்டி ஒருவர், நாங்கள் இங்கே குடிவந்த முதல் வாரமே பலகாரத்தோடு வந்து விசாரித்தவர், இப்போது எங்கள் வரவேற்பறையில் இருக்கிறார். அவர் வீட்டில் நடுக்கூடமும் ஓர் அலமாரியும்தான் மிச்சம். அந்த அலமாரிக்குள் இருந்ததால்தான் தப்பினார். அவரிடம் என்ன பேசுவதென்றே எனக்குத் தெரியவில்லை அப்பா. "உயிர் பிழைத்தீர்களே" என்றேன். தலையை ஆட்டினார், அதற்குப் பிறகு பேசவில்லை.

அப்பா (ஜாபர்கான்பேட்டை): உன்னைக் குறை சொல்லவில்லை அம்மா, சித்தியையும் சொல்லவில்லை; அன்பால் சொன்ன வார்த்தைதான். ஆனால் இந்த மாதத் தொடக்கத்தில் அடையாற்று வெள்ளம் நம் கீழ்த்தளத்தில் இடுப்புக்கு மேல் நின்று வடிந்த பிறகு, வந்தவர்கள் எல்லாரும் என்னிடம் அதையேதான் சொன்னார்கள். "பொருள் போனால் வாங்கிக்கொள்ளலாம்" என்று ஒவ்வொருவரும் சொல்லும்போது, சேற்றில் ஊறிய உன் பள்ளிச் சான்றிதழ்களையும் உன் பாட்டியின் ஒரே புகைப்படத்தையும் நினைத்து அழுவதற்குக்கூட எனக்கு உரிமை இல்லை போலிருந்தது. எனக்கு ஆறுதல் தந்தது, முன்பின் தெரியாத ஒரு கல்லூரிப் பையன் எதுவும் சொல்லாமல் உட்கார்ந்து, அந்த ஆல்பத்தின் தாள்களை ஒவ்வொன்றாகப் பிரித்து மின்விசிறியின் கீழ் உலர்த்தியதுதான். அந்த அம்மாளிடம் எது காணவில்லை என்று கேள். அவர் சொல்லும் பொருள் உனக்கு அற்பமாகத் தோன்றினாலும் போய்த் தேடு.

சித்தி (மதுரை): உன் அப்பா சொல்வது சரிதான். கண்ணு, அந்த அம்மாளுக்குச் சூடாக ரசம் வைத்துக் கொடு.

நான் (கோவை): அப்பா, நீங்கள் இதையெல்லாம் எங்களிடம் இதுவரை சொல்லவே இல்லையே.

அண்ணன் (பிளேனோ): காலையில் மழை சற்று விட்டதும் வருகிறேன் அக்கா. சென்னை வெள்ளத்துக்காக எங்களோடு சேர்ந்து பணம் திரட்டிய அலுவலக நண்பர்களும் வருகிறார்கள். பழைய துணிகளை மூட்டை கட்டி அனுப்பலாமா என்று சிலர் கேட்கிறார்கள்.

அப்பா (ஜாபர்கான்பேட்டை): துணி வேண்டாம். இங்கே வந்து இறங்கிய பழந்துணியில் பெரும்பகுதி தெருவோரம் நனைந்து குப்பையானதை நான் பார்த்தேன். என்ன வேண்டும் என்று அங்கிருப்பவர்களைக் கேட்டு அதை மட்டும் கொண்டு போ.

அக்கா (ரௌலட்): தார்ப்பாய், தடித்த கையுறை, மூடியுள்ள பிளாஸ்டிக் பெட்டிகள், குப்பைப் பைகள், கைப்பேசிக்கான பவர் பேங்க். எல்லாரும் தடித்த அடியுள்ள காலணி போட்டு வாருங்கள். பலகை முழுவதும் ஆணியாக இருக்கிறது. எரிவாயு வாசனை வந்தால் யாரும் உள்ளே போக வேண்டாம். எதையும் அப்புறப்படுத்துவதற்கு முன் காப்பீட்டுக்காகப் புகைப்படம் எடுத்துவிட வேண்டும். அந்த அம்மாளுக்கு அந்த வேலையை நீ செய்து கொடு தம்பி. அவர் கை நடுங்குகிறது.

செவ்வாய்க்கிழமை, டிசம்பர் 29

அக்கா (ரௌலட்): அப்பா, நீங்கள் சொன்னபடி கேட்டேன். மறைந்த கணவர் கைப்பட எழுதிய சமையல் குறிப்பேடு என்றார். தம்பியும் அவன் நண்பர்களும் சுவருக்குள் வைக்கும் வெப்பத்தடுப்புப் பஞ்சையும் ஓடுகளையும் விலக்கித் தேடினார்கள், கிடைக்கவில்லை. ஆனால் தேடத் தொடங்கிய பிறகுதான் அவர் வாய் திறந்து பேசினார், நெடுநேரம் அழுதார்.

அப்பா (ஜாபர்கான்பேட்டை): அழட்டும் அம்மா. நீ கூடவே இரு.

2016, ஜனவரி

அண்ணன் (பிளேனோ): கார்லண்ட் வழியாக வந்த சுழற்காற்றை இ.எஃப்.4 (வலிமை அளவுகோலில் இரண்டாவது உயர்ந்த நிலை) என்று தேசிய வானிலைச் சேவை வகைப்படுத்தியிருக்கிறது. அதில் காற்றின் உச்ச வேகம் மணிக்கு ஏறத்தாழ 290 கிலோமீட்டர். அந்தச் சுழற்காற்றில் பத்துப் பேர் இறந்தார்கள். அவர்களில் ஒன்பது பேர் வண்டிகளில் இருந்தவர்கள். கிறிஸ்துமஸுக்கு மறுநாள் விருந்துக்கோ வீட்டுக்கோ போய்க்கொண்டிருந்திருப்பார்கள். அந்த ஐ-30 சாலைச் சந்திப்பைக் கடக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு அடைக்கிறது.

நான் (கோவை): சாலையில் இருக்கும்போது எச்சரிக்கை வந்தால் மேம்பாலத்துக்கு அடியில் ஒதுங்கலாம் என்று இங்கே பலர் நினைக்கிறார்கள், அண்ணா.

அண்ணன் (பிளேனோ): அது மிகவும் ஆபத்தானது. பாலத்தின் அடியில் காற்று குவிந்து இன்னும் வேகமாகப் பாயும். பறந்து வரும் பொருள்களுக்கும் மறைவில்லை. அருகில் உறுதியான கட்டடம் எது இருந்தாலும் அதற்குள் போய்விட வேண்டும். எச்சரிக்கை வந்தபின் கிளம்பாமல் இருப்பது அதைவிட நல்லது.

அக்கா (ரௌலட்): ஐ-30 அருகே அடுக்குமாடிகளில் வாடகைக்கு இருந்த பலருக்குக் காப்பீடு இல்லை. நிவாரண வண்டிகள் குறையத் தொடங்கிவிட்டன, அவர்களுடைய தேவை குறையவில்லை. எங்கள் தெருவில் ஆறு குடும்பங்கள் சேர்ந்து, மார்ச் வரை முறை வைத்துச் சமைத்துக் கொடுப்பதென்று முடிவு செய்திருக்கிறோம். சித்தி, இருபது பேருக்குக் காரம் குறைவான சாம்பார் வைக்க வேண்டும்; பருப்பு அளவை மட்டும் எழுதி அனுப்புங்கள்.

சித்தி (மதுரை): ஒரு கிலோ போடு, போதும் கண்ணு. பூசணிக்காய் சேர்த்தால் காரம் தானாக அடங்கும்.