மறு: கோ ஆட்டத்துக்குள் வரும் 'கோ'வுக்குத் தமிழில் என்ன சொல்?

குழுவினருக்கு வணக்கம். கறுப்பு வெள்ளைக் கற்களால் ஆடும் பலகை ஆட்டமான கோவின் ஜப்பானியக் கலைச்சொற்களுக்கு நாம் தொகுக்கும் தமிழ்ப் பட்டியல் பற்றி.

> அத்தாரி, ஜோசெக்கி, செந்தே போன்ற ஆட்டச் சொற்கள் எல்லாவற்றையும் ஒலிபெயர்ப்பாகவே விட்டுவிட்டோம். 'கோ'வையும் விட்டுவிடலாமே?

விட முடியாது. ஆட்டத்தின் பெயரும் கோ, ஆட்டத்துக்குள் முளைக்கும் அந்தச் சிக்கலின் பெயரும் கோ. ஜப்பானியர்களுக்குக் குழப்பமில்லை. ஆட்டத்தின் பெயரில் 'சங்கு' என்பதில் உள்ள ககரம், அதுவும் குறில். சிக்கலின் பெயரில் 'கல்' என்பதில் உள்ள ககரம், நெடில். நம் எழுத்தில் ககர வேறுபாடு காட்ட வழியில்லை. அளவையாவது காட்டலாம் என்று ஆட்டத்தைக் 'கொ' என எழுதினால், நன்னூலின் ஓரெழுத்து ஒருமொழிகளில் நொ, து என்ற இரண்டு மட்டுமே குறில் என்று யாராவது பிடித்துக்கொள்வார்கள். தவிர, ஆட்டத்தின் பெயர் கோ என்று ஏற்கெனவே நிலைத்துவிட்டது. ஆகவே உள்ளே இருப்பதற்குத்தான் புதுச்சொல் வேண்டும்.

ஆடாதவர்களும் குழுவில் இருப்பதால் ஒரு விளக்கம். கறுப்பு, வெள்ளையின் ஒற்றைக் கல் ஒன்றைப் பிடிக்கிறது. பிடித்த கறுப்புக் கல்லே இப்போது பிடிபடும் நிலையில் நிற்கிறது. வெள்ளை திருப்பிப் பிடித்தால் பலகை பழைய நிலைக்கு வந்துவிடும், பிறகு கறுப்பு, பிறகு வெள்ளை, முடிவே இராது. எனவே உடனே திருப்பிப் பிடிக்க விதி தடை விதிக்கிறது. வெள்ளை வேறிடத்தில் ஒரு மிரட்டல் ஆட வேண்டும். கறுப்பு அதற்குப் பதில் சொன்னால்தான் திரும்பி வந்து பிடிக்க முடியும்.

இந்தச் சொல்லுக்கு இவ்வளவு மெனக்கெடுவதற்குக் காரணம், நம் பட்டியல் யாருக்கு என்பதுதான். ஜப்பானியம் புதிதாகக் கற்று நேரே கோ நூல்களைத் திறப்பவர்களுக்கு அது. அவர்கள் முதலில் எடுப்பது கல்கூட்டம் பிழைக்குமா என்று கேட்கும் உயிர்–சாவுப் புதிர்கள் அடங்கிய 'த்சுமெகோ' நூல்களாகத்தான் இருக்கும், ஏனெனில் அவற்றில் வாசிக்க அதிகம் இல்லை. கறுப்பு, வெள்ளை, முதல், உயிர், சாவு, சரியான விடை, தோல்வி, படம் என்று ஒரு கையளவு கான்ஜி (சீனத்திலிருந்து வந்த எழுத்துகள்) போதும், மற்றதைப் படங்கள் சொல்லிவிடும். ஒரு புதிருக்கு மேல் 'குரோ சென், கோ' என்று மட்டும் இருக்கும்: கறுப்பு முதலில் ஆடும், முடிவு கோ. கடைசிச் சொல்லைப் பெரும்பாலும் கதகானா என்ற ஒலியெழுத்தில் அச்சிடுவார்கள். கான்ஜி இல்லாததால் புதியவர் அகராதியில் எதைத் தேடுவார்? 'கோ' என்று ஒலிக்கும் சொற்கள் பக்கக் கணக்கில் கிடக்கின்றன.

> கோவுக்கு உரிய கான்ஜி சமஸ்கிருதக் கல்பத்தின் சீன ஒலிபெயர்ப்பு. நம்மிடம் 'கற்பம்' இருக்கிறது. தூய தமிழ் வேண்டுமென்றால் 'ஊழி'.

அழகான தொடர்பு, மறுக்கவில்லை. பௌத்த நூல்களைச் சீனத்தில் பெயர்த்தவர்கள் கல்பத்துக்கு அந்த எழுத்தைத்தான் எடுத்தார்கள். ஆனால் சீனத்தில் அதற்கு வற்புறுத்திப் பறித்தல் என்ற பொருளும் உண்டு. சீனர்கள் இந்தக் கோ சிக்கலில் இறங்குவதைக் குறிக்கும் சொல்லே வழிப்பறி செய்வதையும் குறிக்கும். பலகையில் நடப்பதைச் சொல்வது இந்தப் பொருள்தான். கற்பத்தைக் கர்ப்பம் என்று படிக்காத கண் அரிது. 'இந்த மூலையில் ஊழி வந்துவிட்டது' என்றாலோ ஆட்டக்காரர் பலகையை விட்டு எழுந்து ஓடுவார்.

> அப்படியானால் 'மீள்பறி'?

நெருங்கிவிட்டீர்கள். ஆனால் அந்தச் சொல்லை 'உத்தெகாயெஷி'க்கு வைத்துக்கொள்ள வேண்டும். ஒரு கல்லைப் பலி கொடுத்து, அதைத் தின்ற கூட்டத்தை மறு அடியிலேயே மொத்தமாக வாரிக்கொள்ளும் உத்தி அது. அங்கே மீட்பு ஒரே முறை, அதோடு கணக்குத் தீர்ந்தது. கோ சிக்கலிலோ மீட்பு தீராமல் சுழல்கிறது. ஆகவே என் முன்மொழிவு: சுழல்பறி.

ஒரு கலைச்சொல் தனியாக நன்றாக ஒலித்தால் போதாது, கூட்டுச்சொற்களிலும் தாங்க வேண்டும். இருவரும் அவசரப்படாமல் தீர்வைத் தள்ளிக்கொண்டே போகும் வகையை ஜப்பானியத்தில் பத்தாயிரம் ஆண்டுக் கோ என்பார்கள். அதை 'ஊழிப்பறி' எனலாம், கல்பமும் வீணாகாது. ஈரடுக்குக் கோ, ஈரடுக்குப் பறி. மூன்று கோ ஒரே நேரத்தில் நின்று இருவரும் விட்டுக்கொடுக்காவிட்டால் ஜப்பானிய விதிப்படி வெற்றி தோல்வி இல்லை. அது 'முப்பறி'. 1582இல் கியோத்தோவின் ஹொன்னோ கோயிலில் படைத்தலைவர் நொபுனாகா முன்னிலையில் நடந்த ஆட்டத்தில் அப்படி விழுந்ததாகவும், விடிவதற்குள் அவருடைய தளபதியே ஆன அகேச்சியின் படை அவரைச் சூழ்ந்ததாகவும் ஒரு பழங்கதை உண்டு. அதனால் முப்பறி அபசகுனம்.

ஒரே தலைவலி 'ஹனாமி கோ'. தோற்றாலும் தனக்குப் பெரிய இழப்பில்லை, எதிராளிக்கோ பேரிழப்பு என்ற நிலை. செர்ரிப் பூ பார்க்கப் போனவர் போல ஒருவர் ஓய்வாக இருக்கிறார் என்பது பொருள். 'பூப்பறி' என்றால் பூப் பறிக்கச் சொன்ன மாதிரி ஆகிவிடும். யாருக்காவது தோன்றினால் எழுதுங்கள்.

அன்புடன்.

———

ஐயா, வணக்கம்.

சுழல்பறிக்கு என் ஒப்புதல் உண்டு, ஒரு நிபந்தனையோடு. 'பறி' ஏவலும் ஆகும். 'கறுப்பு முதலில், சுழல்பறி' என்று தலைப்பிட்டால் கறுப்புக்குக் கட்டளை இடுவதாகப் படும். 'முடிவு: சுழல்பறி' என்றே எழுதுவோம். ஹனாமிக்கு 'உல்லாசப் பறி' என்று வைத்துப் பாருங்கள். பூ போனாலும் நிலைமை விளங்கும்.

மிரட்டல்களின் கையிருப்பைக் குறிக்கும் 'கோசாய்' பாக்கி இருக்கிறது. பறிக்கான மூலதனம் என்பதால் 'பறிமுதல்' என்று கை ஓடுகிறது, ஆனால் சுங்க அதிகாரிகள் வந்து நிற்பார்கள். 'மிரட்டல் இருப்பு' என்று வைத்தால் 'வெள்ளைக்கு மிரட்டல் இருப்பு போதாது' என்ற வாக்கியம் தடங்கலின்றி வருகிறது. விளக்கவுரைகளில் அதிகம் கண்ணில் படும் வாக்கியமும் அதுதான்.

நன்றி.