சாத்துக்குடித் தோல் பயோ என்சைம்: 45 நாளில் அழுகல் வாடை, தரையில் பிசுக்கு, கடப்பா கல் வெளுப்பு

கேள்வி:
வீடு துடைக்க பயோ என்சைம் (பழத்தோலை வெல்லத் தண்ணியில் புளிக்க வைச்சுச் செய்யுற துப்புரவுத் திரவம்) போட்டேன். 5 லிட்டர் பிளாஸ்டிக் கேனில் சாத்துக்குடி, எலுமிச்சைத் தோல் 900 கிராம், வெல்லம் 150 கிராம், குழாய்த் தண்ணீர் 3 லிட்டர் போட்டு இன்னிக்கு 45 நாள். புளிச்ச வாசனை வராம அழுகின காய் மாதிரி வாடை வருது. மேலே வெள்ளையா ஆடை கட்டியிருக்கு. ஒரு டம்ளர் வடிகட்டி, நாலு டம்ளர் தண்ணி சேர்த்துத் துடைச்சுப் பார்த்தேன். தரை காலில் ஒட்டுது, எறும்பு வருது. சமையல் மேடை கடப்பா கல்லில் அப்படியே ஊத்தித் தேய்ச்ச இடம் வெளுத்துப் போச்சு. எல்லாத்தையும் கொட்டிடலாமா?

பதில் 1:
கொட்ட வேண்டாம். அளவு 1:3:10, அதாவது வெல்லம் ஒரு பங்கு, தோல் மூணு பங்கு, தண்ணி பத்து பங்கு. உங்க 900 கிராம் தோலுக்கு 300 கிராம் வெல்லம் வேணும், பாதிதான் போட்டிருக்கீங்க. இனிப்பு பத்தலைன்னா புளிப்பு சீக்கிரம் ஏறாது, அந்த இடைவெளியில் அழுக வைக்கிற கிருமி முந்திக்கும். குழாய்த் தண்ணியில் குளோரின் இருந்தா நொதிக்கிறது இன்னும் மந்தமாகும். அடுத்த தடவை தண்ணியை ஒரு ராத்திரி வாயகன்ற பாத்திரத்தில் திறந்து வைச்சுட்டு ஊத்துங்க.

வெள்ளை ஆடை வெறும் ஈஸ்ட், கெடுதல் இல்லை. பச்சை, கறுப்புப் பூசணம் தெரியுதா?

கேட்டவர்:
கேன் கழுத்தில் ஒட்டின ரெண்டு தோலில் மட்டும் பச்சை. உள்ளே இல்லை.

பதில் 1:
அதை எடுத்துப் போட்டுடுங்க. தண்ணிக்கு மேலே நிக்கிற தோலில்தான் பூசணம் பிடிக்கும். மீதி 150 கிராம் வெல்லத்தை வெந்நீரில் கரைச்சு, நல்லா ஆறினதும் ஊத்துங்க. பழைய என்சைம் இருந்தா அரை டம்ளர், இல்லைன்னா ஒரு சிட்டிகை ஈஸ்ட். மரக்கரண்டியால் தோலை அமுக்கிக் கிளறுங்க. கேனில் கால் பங்கு காலியா இருக்கணும். முதல் மாசம் தினமும் ஒரு தடவை மூடியைத் தளர்த்தி வாயுவை வெளியே விடணும். கண்ணாடி பாட்டில் வேண்டவே வேண்டாம், அழுத்தத்தில் வெடிச்சுடும். இன்னிலேர்ந்து 90 நாள் எண்ணுங்க. ஒரு வாரத்தில் வாடை புளிப்பா மாறலைன்னா மட்டும் உரக்குழிக்கு.

பதில் 2:
தரை ஒட்டினதுக்குக் காரணம், புளிச்சு முடியாத வெல்லமும் தோலிலிருந்து இறங்கின பெக்டினும் (பசை மாதிரியான பொருள்). எறும்பு வந்தா உள்ளே இனிப்பு மிச்சம் இருக்குன்னு அர்த்தம். குமிழி முழுக்க நின்னு, பிஎச் தாளில் (புளிப்பை அளக்கிற தாள்) 4-க்குக் கீழே காட்டினதும் மெல்லிய துணியில் ரெண்டு தடவை வடிகட்டுங்க. தரைக்கு அரை வாளித் தண்ணிக்கு 50 மில்லி போதும். நாலுக்கு ஒண்ணுங்கிறது கழிவறைப் பீங்கானில் உப்புக்கறை தேய்க்கிற கணக்கு.

பதில் 3:
கடப்பா கல் சுண்ணாம்புக் கல் வகை. புளிப்பு எது பட்டாலும் மேல்தோலை அரிச்சுடும். எலுமிச்சை, வினிகர், புளி எல்லாமே அப்படித்தான். பளிங்கு, மொசைக் தரைக்கும் இதே கதி. வெளுப்பு கறை இல்லை, கழுவினா போகாது, பாலிஷ் போடணும். தேங்காய் எண்ணெய் தேய்ச்சா கொஞ்ச நாள் மறையும். இனிமே அந்த மேடைக்கு ஒரு லிட்டர் தண்ணியில் ஒரு மேசைக்கரண்டி சமையல் சோடா கரைச்சுத் துடைச்சு, வெறும் தண்ணியில் இன்னொரு தடவை துடைங்க.

கேட்டவர்:
அந்தச் சோடாவை என்சைம்லேயே கலந்துட்டா கல்லுக்கும் ஆகுமே? பொங்கி அழுக்கையும் எடுக்கும்னு சொல்றாங்க.

பதில் 3:
பொங்குறப்பவே என்சைமோட புளிப்பும் சோடாவோட காரத்தன்மையும் ஒண்ணை ஒண்ணு தீர்த்துக்குது. மிஞ்சுறது உப்புத் தண்ணி. ரெண்டும் வீண். அதைவிட முக்கியம்: என்சைமை பிளீச்சிங் பவுடரோட ஒருநாளும் கலக்காதீங்க, ஒண்ணு ஊத்தின இடத்தைக் கழுவாம இன்னொண்ணை ஊத்தவும் கூடாது. குளோரின் வாயு கிளம்பும், மூடின கழிவறையில் மூச்சே முட்டிடும்.

வீட்டில் யாருக்காவது வாந்திபேதின்னா அந்த நாட்களுக்கு என்சைமை நம்ப வேண்டாம். அழுக்கை எடுக்குமே தவிர, கிருமிநாசினி செய்யுற வேலைக்கு உத்தரவாதம் இல்லை. அப்போ பிளீச்சிங் பவுடரைத் தனியா, ஜன்னல் திறந்து வைச்சுப் பயன்படுத்துங்க.

பதில் 2:
பாத்திரம் கழுவ என்சைமை மட்டும் வைச்சா எண்ணெய் போகாது. விதை நீக்கின பூந்திக்கொட்டை 100 கிராம், ஒரு லிட்டர் தண்ணியில் ராத்திரி ஊறவைச்சு, காலையில் 20 நிமிஷம் கொதிக்கவிட்டுப் பிசைஞ்சு வடிகட்டுங்க. வெளியே வைச்சா ரெண்டு மூணு நாளில் கெட்டுடும். ஃபிரிட்ஜில் ஒரு வாரம் நிக்கும். முதிர்ந்த என்சைம் சம அளவு சேர்த்தா அந்தப் புளிப்பில் இன்னும் சில நாள் தாங்கும். என்சைம் வடிகட்டின தோல் சக்கையில் ஒரு கைப்பிடியை அடுத்த கேனில் போடுங்க, சீக்கிரம் புளிக்கும்.