மறு: ட்ரஸ்ட் = அறக்கட்டளையா? ‘ஒப்படைக்கூட்டு’ன்னு சொல்லலாமா?

எல்லாருக்கும் வணக்கம்.

போன வாரம் நான் கேட்டதுக்கு இவ்ளோ பேர் பதில் போடுவீங்கன்னு நினைக்கவே இல்ல, ஒவ்வொண்ணையும் ரெண்டு தடவ படிச்சேன், ரொம்ப நன்றி. நடுவுல சேந்தவங்களுக்காக விஷயத்த ஒருமுறை சொல்லிடறேன். அமெரிக்க வரலாறுல 1890லேர்ந்து 1920 வரைக்கும் உள்ள பகுதிய காலேஜ் பசங்களுக்காக தமிழ்ல எழுதிட்டு இருக்கேன். உள்நாட்டுல பெரிய கம்பெனிங்கள அடக்கறது, சாப்பாட்டுப் பொருள்ல கலப்படத்த தடுக்கறது, செனட்டர (மேல்சபை உறுப்பினர) ஜனங்களே நேரா ஓட்டுப் போட்டு தேர்ந்தெடுக்கறது, பொம்பளைங்களுக்கு ஓட்டுன்னு ஒரு பக்கம் சீர்திருத்தம் நடக்குது, அதே முப்பது வருஷத்துல ஹவாய், போர்ட்டோ ரீக்கோ, பிலிப்பைன்ஸ், பனாமா கால்வாய்னு அந்த நாடு வெளிய கைய நீட்டி உலக வல்லரசாவும் ஆகுது. இந்த ரெண்டு கதையிலயும் திரும்பத் திரும்ப வர்ற ஒரு வார்த்தை ட்ரஸ்ட். கம்பெனி விஷயத்துல, பல கம்பெனிங்க ஒரே தலைக்குக் கீழ சேர்ற ஏற்பாடுக்கு அந்தப் பேர். அதுக்குத்தான் தமிழ் கேட்டேன்.

ஏன் இவ்ளோ அடம் பிடிக்கறேன்னா, வகுப்புல நடந்தது இது. பசங்க கையில சுத்தற ஒரு நோட்ஸ்ல 1890ஆம் வருஷத்து ஷெர்மன் சட்டத்த ‘அறக்கட்டளை எதிர்ப்புச் சட்டம்’னு அச்சடிச்சிருக்காங்க. முன் பெஞ்சு பொண்ணு ஒண்ணு அந்த வரிய பென்சில்ல கோடு போட்டு வெச்சிருந்து எழுந்து கேட்டுச்சு, சார், தர்மம் பண்றத எதுக்கு சார் சட்டம் போட்டு தடுத்தாங்கன்னு. அந்தப் பொண்ணு மேல தப்பே இல்ல, அது தமிழ ஒழுங்கா படிச்சிருக்கு. நம்ம ஊர்ல அறக்கட்டளைன்னா அன்னதானம், பள்ளிக்கூடம், இலவச கண் ஆஸ்பத்திரி, இதுதான மனசுல வரும்? வார்த்தைதான் அந்தப் பிள்ளைய ஏமாத்திடுச்சு, அன்னிக்கு ராத்திரி எனக்கு தூக்கம் வரல.

இப்ப உங்க யோசனைங்களுக்கு வர்றேன்.

> ஏகபோகம்னே போட்டுடலாமே தம்பி, பேப்பர்லயும் ஏகபோகத் தடைச் சட்டம்னுதான வருது. ஜனங்களுக்கு பழகின சொல்லு.

அண்ணே, பழகின சொல்லுங்கறது உண்மைதான், செய்திக்கு அது போதும். ஆனா வரலாறு எழுதும்போது இடிக்குது. ட்ரஸ்ட்டுங்கறது ஒரு அமைப்பு, ஏகபோகம் அது மூலமா அடையப் பாத்த நிலைமை. ரெண்டுக்கும் ஒரே சொல்ல போட்டா ‘ஏகபோகங்கள் ஏகபோகத்துக்கு முயற்சி செய்தன’ன்னு எழுத வேண்டி வருது. இன்னொண்ணு, ஷெர்மன் சட்டத்தோட முதல் பிரிவுல ஏகபோகம்ங்கற பேச்சே கிடையாது, அது ரெண்டாவது பிரிவுலதான் வருது. முதல் பிரிவு சொல்றது வியாபாரத்த முடக்கற எந்த ஒப்பந்தமும், ட்ரஸ்ட் வடிவத்துலயோ வேற வடிவத்துலயோ சேர்ற எந்தக் கூட்டும், எந்த சதியும் சட்டவிரோதம்னு. அதனாலதான் கனெக்டிகட் மாநிலம் டான்பரி ஊர்ல தொப்பி செய்யற தொழிலாளிங்க சங்கம், ஒரு முதலாளியோட தொப்பிய யாரும் வாங்காதீங்கன்னு புறக்கணிப்பு நடத்தினப்ப, அவங்க மேலயே இந்த சட்டம் பாஞ்சுது, 1908ல சுப்ரீம் கோர்ட்டும் முதலாளி பக்கமே தீர்ப்பு சொல்லிச்சு. தொப்பி தைக்கறவங்க கிட்ட என்ன ஏகபோகம் இருந்துச்சு? அவங்க செஞ்சது கூட்டு சேந்தது, அவ்ளோதான். ஏகபோகத் தடைச் சட்டம்னு நான் எழுதிட்டா அந்த அநியாயம் எப்படி நடந்துச்சுன்னு படிக்கறவனுக்கு புரியவே புரியாது. இத ஓரளவாவது சரி செய்யத்தான் 1914 க்ளேட்டன் சட்டத்துல மனுஷ உழைப்பு விக்கற சரக்கு இல்லன்னு தனியா எழுதினாங்க.

> துறைமுகப் பொறுப்புக் கழகம்னு போர்ட் ட்ரஸ்ட்டுக்கு நல்ல சொல் ஏற்கெனவே இருக்கே. பொறுப்புக் கழகம் போதாதா?

அக்கா, இது எனக்கு ரொம்ப பிடிச்சுது, கிட்டத்தட்ட ஒத்துக்கிட்டேன். ஆனா பொறுப்புக் கழகம்னதும் அரசாங்கம் சட்டம் போட்டு உண்டாக்கின அமைப்புன்னு ஒரு மணம் வந்துடுது, நமக்கு அது துறைமுகத்தோடயே ஒட்டிப்போச்சு. இங்க நடந்தது அதுக்கு நேர் எதிர்.

அத கொஞ்சம் விரிவா சொல்றேன், ஏன்னா சொல்லு இதுலேர்ந்துதான் பொறக்கணும். ராக்ஃபெல்லரோட ஸ்டாண்டர்ட் ஆயில் ஒஹையோ மாநிலத்து எண்ணெய் கம்பெனி. அந்தக் காலத்து சட்டப்படி ஒரு மாநிலத்து கம்பெனி இன்னொரு மாநிலத்து கம்பெனியோட பங்க வாங்கி வெச்சுக்க முடியாது. ஆனா அவர் கைக்குள்ள பென்சில்வேனியா, நியூயார்க்னு பல மாநிலத்துல சுத்திகரிப்பு ஆலைங்க வந்துடுச்சு, நாட்டுல சுத்திகரிக்கற எண்ணெய்ல பத்துல ஒம்பது பங்கு அவங்களோடது. இத எல்லாத்தையும் ஒரே தலைக்குக் கீழ எப்படி கொண்டுவர்றது? கம்பெனி வக்கீல் சாமுவேல் டாட் கண்டுபிடிச்ச வழிதான் ட்ரஸ்ட். 1882ல சுமார் 40 கம்பெனிங்களோட பங்குதாரருங்க எல்லாம் தங்களோட பங்க ஒம்பது பேர் கையில ஒப்படைச்சாங்க. பதிலுக்கு அவங்களுக்கு ஒரு சான்றுச் சீட்டு கிடைச்சுது. லாபத்துல பங்கு அந்த சீட்டுக்கு வரும், ஆனா எந்த ஆலைய மூடறது, எண்ணெய் என்ன விலைக்கு விக்கறது, ரயில் கம்பெனி கிட்ட என்ன பேரம் பேசறதுன்னு முடிவு பண்றதெல்லாம் நியூயார்க்ல பிராட்வே 26ஆம் நம்பர் கட்டடத்துல உக்காந்திருந்த ஒம்பது பேர். அதுக்கு முன்னாடியும் முதலாளிங்க பேசி வெச்சு விலைய ஏத்தினது உண்டு, ஆனா ஒருத்தன் வாக்கு தவறினா கோர்ட்டுக்குப் போக முடியாது, உடைஞ்சு போயிடும். இது உடையாது, ஏன்னா பங்கே கை மாறிடுச்சு.

பாருங்க, இதுல அறம் எங்கயும் இல்ல, நம்பிக்கையும் முக்கியம் இல்ல, இருக்கற ஒரே காரியம் ஒப்படைக்கறது. எல்லாரும் ஒப்படைச்சாங்க, ஒப்படைச்சதால கூட்டு ஆச்சு. அதனால நான் முன்வெக்கற சொல் ஒப்படைக்கூட்டு. சட்டத்துல வர்ற ‘ட்ரஸ்ட் வடிவத்துல கூட்டு’ங்கற வாசகத்துக்கும் இது அப்படியே பொருந்துது. சட்டத்துக்கு ‘ஒப்படைக்கூட்டுத் தடைச் சட்டம்’. ட்ரஸ்டிக்கு அறங்காவலர் மாதிரியே ‘ஒப்படைக் காவலர்’. ஒப்படையாளர்னு போட்டா குடுத்தவரா வாங்கினவரான்னு குழம்பும், அதான் காவலர்.

> ஆனா ஒஹையோ கோர்ட் 1892லயே அந்த ட்ரஸ்ட்ட கலைக்கச் சொல்லிடுச்சே. அப்புறம் அவங்க நியூஜெர்சிக்கு போய் ஹோல்டிங் கம்பெனி, அதாவது மத்த கம்பெனிங்களோட பங்க தானே வாங்கி வெச்சுக்கற கம்பெனி, ஆயிட்டாங்க. 1911ல உடைச்சப்ப அது ட்ரஸ்ட்டே இல்ல. அப்ப உங்க சொல் பொருந்துமா?

ஐயா, நீங்க சொன்னதுதான் இந்த விவாதத்துலயே பலமான ஆட்சேபணை, ரெண்டு நாள் யோசிச்சேன். உண்மைதான், அதிபர் தியடோர் ரூஸ்வெல்ட் 1902ல வழக்குப் போட்ட நார்தர்ன் செக்யூரிட்டீஸ்ங்கற ரயில் கம்பெனி, பேங்க் முதலாளி மோர்கனும் ரயில் முதலாளி ஹில்லும் சேந்து ஆரம்பிச்சது, அது பொறக்கும்போதே நியூஜெர்சி ஹோல்டிங் கம்பெனி. 1911ல சுப்ரீம் கோர்ட் 34 கம்பெனியா பிரிச்ச ஸ்டாண்டர்ட் ஆயிலும் அப்ப அப்படித்தான். ஆனா பத்திரிகைக்காரங்களும் ஜனங்களும் ஜட்ஜுங்களும் கடைசி வரைக்கும் ட்ரஸ்ட்னுதான் சொன்னாங்க, அமைப்பு மாறினாலும் பேர் நின்னுடுச்சு. இங்கிலீஷ்ல பழைய பேரு புது வடிவத்துக்கும் நின்னமாதிரி தமிழ்லயும் நிக்கட்டுமே.

இப்ப நான் எழுதியே ஆகணும்னு நினைக்கற விஷயம். தனித்தனி சொல் வெச்சுக்கலாம், கம்பெனிக்கு ஒண்ணு, ஐ.நா. சபையில வர்ற ட்ரஸ்டிஷிப்புக்கு (ஒரு பிரதேசத்த இன்னொரு நாடு பொறுப்பா நிர்வகிக்கறது) ஒண்ணுன்னு ரெண்டு மூணு பேர் எழுதியிருந்தீங்க. பின்னதுக்கு பொறுப்பாட்சி மன்றம்னு இருக்கு, சிலர் தர்மகர்த்தா சபைன்னும் எழுதறாங்க, காந்தியோட கொள்கைய தர்மகர்த்தா முறைன்னுதான் நாம எல்லாம் படிச்சோம். காந்திக்கு அது சரி, பணக்காரன் தன் சொத்த ஜனங்களுக்காகக் காக்கறத மனசாரப் பண்ணணும்னுதான் அவர் கேட்டார். ஆனா அமெரிக்கக் கதையில ரெண்டு ட்ரஸ்ட்டையும் பிரிச்சா ஒரு பெரிய உண்மை கைநழுவிப் போயிடும்னு எனக்கு தோணுது.

இண்டியானா செனட்டர் ஆல்பர்ட் பெவரிட்ஜ்னு ஒருத்தர். 1906ல இறைச்சி ஆலைங்கள்ல அரசாங்க இன்ஸ்பெக்டர் நின்னு ஒவ்வொரு மாட்டையும் வெட்டறதுக்கு முன்னாடியும் பின்னாடியும் பாக்கணும்னு வந்த சட்டத்த முன்னால நின்னு கொண்டுவந்தவர் அவர்தான். அடுத்த வருஷம் குழந்தைத் தொழிலாளர் முறைய நிறுத்தணும்னு செனட்ல நாள் கணக்கா பேசினார், அந்த மசோதா அப்ப தோத்துப் போச்சு. 1912ல ரூஸ்வெல்ட் ஆரம்பிச்ச முற்போக்குக் கட்சியோட சிகாகோ மாநாட்டுல முக்கிய உரையும் அவரோடது. சீர்திருத்தக்காரர்னா இவர்தான். அதே மனுஷன் 1900 ஜனவரி 9ஆம் தேதி அதே செனட்ல எழுந்து பிலிப்பைன்ஸ் என்னிக்கும் நம்மளோடது, அதுக்கு அந்தப் பக்கம் சீனாவோட எல்லையில்லாத சந்தை இருக்குன்னு பேசறார், நம்ம இனம் கடவுளுக்குக் கீழ உலக நாகரிகத்தோட ட்ரஸ்டின்னு சொல்றார். ஆமாங்க, அதே வார்த்தை. எண்ணெய் ட்ரஸ்ட், சர்க்கரை ட்ரஸ்ட்னு பத்திரிகையில தினம் படிச்ச அமெரிக்கன் காதுல அந்த வார்த்தையும் விழுந்துச்சு.

இத நான் ‘நாகரிகத்தின் அறங்காவலர்’னு மொழிபெயர்த்தேன்னா, அவர் கேட்ட மரியாதைய நானும் சேத்து அவருக்கு குடுத்துடறேன். ‘ஒப்படைக் காவலர்’னு எழுதினா படிக்கறவன் மனசுல உடனே ஒரு கேள்வி எழும், யாருப்பா ஒப்படைச்சாங்க? ஸ்டாண்டர்ட் ஆயில்ல அதுக்கு பதில் இருக்கு, பங்குதாரருங்க கையெழுத்து போட்டு குடுத்தாங்க. பிலிப்பைன்ஸ யார் ஒப்படைச்சா? அங்க விடுதலைத் தலைவர் அகினால்டோ 1898 ஜூன் 12லயே சுதந்திரம் அறிவிச்சுட்டார். அந்த டிசம்பர்ல பாரிஸ்ல, அதுவரைக்கும் பிலிப்பைன்ஸ ஆண்ட ஸ்பெயினும் அமெரிக்காவும் உக்காந்து 2 கோடி டாலருக்கு கைமாத்திக்கிட்டாங்க, அந்த மேசையில ஒரு பிலிப்பினோவ உக்கார விடல. அப்புறம் அமெரிக்காவுக்கும் பிலிப்பினோங்களுக்கும் மூணு வருஷத்துக்கு மேல சண்டை. சண்டை முடிஞ்சுதுன்னு ரூஸ்வெல்ட் அறிவிச்சது 1902 ஜூலை 4, நார்தர்ன் செக்யூரிட்டீஸ் மேல அவரோட ஆளுங்க வழக்குப் போட்டதும் அதே வருஷம்தான், பத்திரிகையாளர் ஐடா டார்பெல் அம்மா ஸ்டாண்டர்ட் ஆயில் பத்தி தொடர் கட்டுரை எழுத ஆரம்பிச்சதும் அதே வருஷம்தான். ஒரே வருஷத்துக்குள்ள இவ்ளோவும்.

ரெண்டு ட்ரஸ்ட்டும் நேருக்கு நேர் சந்திச்ச இடமும் உண்டு. பெரிய கம்பெனிங்க வந்து தோட்டம் போட்டுடக் கூடாதுன்னு 1902 பிலிப்பைன்ஸ் சட்டத்துல ஒரு கம்பெனி 1,024 ஹெக்டேருக்கு மேல நிலம் வெச்சுக்கக் கூடாதுன்னு எழுதினாங்க. போட்டிக்கு சர்க்கரை வந்துடக் கூடாதுன்னு அமெரிக்காவுல சர்க்கரை பீட்ரூட் போடறவங்களுக்கும் அதுல அக்கறை இருந்துச்சு. ஆனா சர்ச் துறவிங்க கிட்டேர்ந்து அரசாங்கம் வாங்கின நிலத்துக்கு இந்த வரம்பு பொருந்தாதுன்னு பின்னாடி ஒரு விளக்கம் குடுத்து, மிண்டோரோ தீவுல சான் ஹோஸே எஸ்டேட்ட, 20 ஆயிரம் ஹெக்டேருக்கும் மேல, சர்க்கரை ட்ரஸ்ட்டோட சம்பந்தப்பட்டவங்களுக்கு வித்தாங்க. 1910ல காங்கிரஸ்ல, அதாவது அமெரிக்க நாடாளுமன்றத்துல, விசாரணை வரைக்கும் போச்சு. உலகத்துக்கு ஒப்படைக் காவலர்னு சொல்லிக்கிட்டவங்க கையிலேர்ந்து அமெரிக்க ஒப்படைக்கூட்டு ஆளுங்க கைக்கு நிலம் போகுது. இந்த வரிய ஒரே வேர்ச்சொல் இல்லாம எப்படி எழுதறது சொல்லுங்க.

எல்லா சீர்திருத்தக்காரங்களும் பெவரிட்ஜ் மாதிரின்னு நான் சொல்ல வரல. சிகாகோவுல ஏழைங்களுக்கு உதவற ஹல் ஹவுஸ் நடத்தின ஜேன் ஆடம்ஸ் அம்மா ஏகாதிபத்திய எதிர்ப்பு சங்கத்தோட நின்னாங்க, எழுத்தாளர் மார்க் ட்வைனும் நின்னார். அவங்கள பத்தி தனி அத்தியாயமே வெச்சிருக்கேன்.

1947ல பசிபிக் தீவுங்கள ஐ.நா. அமெரிக்கா கிட்ட குடுத்ததுக்கு ‘ஒப்படைப் பகுதி’ன்னு போடலாம்னு இருக்கேன். அதுக்கு மட்டும் உண்மையிலயே ஒரு சபை ஒப்படைச்சுது. ஆனா அந்த தீவுக்காரங்கள கேக்காமத்தான், மார்ஷல் தீவுல 1954ல ஹைட்ரஜன் குண்டு வெடிச்சப்பவும் அது ஒப்படைப் பகுதிதான்.

இலங்கை நண்பர் ஒருத்தர் ஒப்படைன்னா அங்க பள்ளிக்கூடத்துல பிள்ளைங்களுக்கு குடுக்கற பயிற்சி வேலைன்னு சொல்லியிருந்தார். அத நான் மறக்கல. கூட்டு, காவலர், பகுதின்னு பின்னால ஒண்ணு ஒட்டித்தான் எங்கயும் வரும், தனியா ஒப்படைன்னு எழுத மாட்டேன், குழப்பம் வராதுன்னு நம்பறேன். உங்க பக்கத்து வாசகர்கள் ரெண்டு பேர் கிட்ட படிச்சுக் காட்டிட்டு சொல்ல முடியுமா அண்ணை?

பாக்கி இருக்கறது ஹோல்டிங் கம்பெனிதான். பங்குபிடி நிறுவனம்னு ஒருத்தர் சொன்னார், எனக்கு ‘பிடி’ங்கறது நல்லாதான் படுது, மத்தவங்க அபிப்பிராயம் வேணும். ஞாயித்துக்கிழமைக்குள்ள எழுதினீங்கன்னா அந்த அத்தியாயத்த திருத்தி இங்க முழுசா போடறேன். பென்சில்ல கோடு போட்ட அந்தப் பொண்ணுக்கு முதல் பிரதி குடுக்கறதா சொல்லியிருக்கேன்.

அன்புடன்.