பெர்லின் தடுப்பு: கோட்டை கட்டாத ராஜாவோடு கறுப்பு எப்படிப் பிழைக்கிறது?

யானைப்பாதை:
சதுரங்கத்தில் ரூய் லோபஸ் என்ற தொடக்க ஆட்டத்துக்குக் கறுப்பு ஆடும் பதிலான பெர்லின் தடுப்பைப் படிக்கிறேன். இ4 இ5, குதிரை எஃப்3 குதிரை சி6, பிஷப் பி5 குதிரை எஃப்6. வெள்ளை கோட்டை கட்ட (ராஜாவையும் யானையையும் ஒரே நகர்த்தலில் இடம் மாற்றி ராஜாவை ஓரமாகப் பத்திரப்படுத்துவது), கறுப்புக் குதிரை இ4-ஐ வெட்டுகிறது. டி4, குதிரை டி6. பிஷப் சி6-ஐ வெட்ட, டி-சிப்பாயால் பதில் வெட்டு. வெள்ளையின் டி-சிப்பாய் இ5-ஐ வெட்டியதும் குதிரை எஃப்5. அப்புறம் ராணி மாற்று. எட்டாவது நகர்த்தலிலேயே ராஜா டி8-இல் நிற்கிறது, இனி கோட்டை கிடையாது. சி-வரிசையில் இரட்டைச் சிப்பாய் வேறு. ராஜா பக்கம் வெள்ளைக்கு நான்கு சிப்பாய், கறுப்புக்கு மூன்று. மற்ற காய்களை எல்லாம் எடுத்துவிட்டால் வெள்ளை ஜெயிக்கும். இதை ஏன் விரும்பி ஆடுகிறார்கள்?

வெள்ளைக்கட்டம்:
'எடுத்துவிட்டால்' என்கிறீர்களே, அங்கேதான் இருக்கிறது சிக்கல். எடுக்க விட்டால்தானே! இரண்டு பிஷப்பும் கறுப்பிடம்தான். வெள்ளையிடம் இருப்பது கறுப்புக் கட்ட பிஷப் மட்டும், அதன் வழியையும் சொந்தச் சிப்பாயே இ5-இல் நின்று மறிக்கிறது. எஃப்5, இ6, டி5 எல்லாம் வெள்ளைக் கட்டங்கள், அங்கே கறுப்பின் ராஜ்ஜியம். ராணி இல்லாத பலகையில் ராஜா நடுவில் நின்றால் என்ன குடி முழுகிவிடும்? 2000-இல் லண்டனில் நடந்த உலகப் பட்டப் போட்டியில் கிராம்னிக் இதே பெர்லினை நான்கு முறை ஆடினார், நான்கும் டிரா. அப்போதைய சாம்பியன் காஸ்பரோவால் உடைக்க முடியவில்லை, பட்டமும் போயிற்று.

யானைப்பாதை:
அது அன்றைக்கு. 2014 சோச்சி உலகப் பட்டப் போட்டியில் பதினொன்றாவது ஆட்டத்தை மறந்துவிட்டீர்களா? இதே நிலை, கார்ல்சன் வெள்ளை, 45 நகர்த்தலில் ஆனந்தை வென்று பட்டத்தைத் தக்கவைத்தார்.

வெள்ளைக்கட்டம்:
மறக்கிற ஆட்டமா அது! ஆனால் 23-ஆவது நகர்த்தலில் ஆனந்த் பி5 தள்ளியதும் கறுப்புக்கு நல்ல ஆட்டம் கிடைத்தது. 27-இல் யானையை பி4-க்குக் கொண்டுபோய் பிஷப்புக்குப் பலி கொடுத்தார், அங்கேதான் கை நழுவியது. அதற்குப் பெர்லின் என்ன செய்யும்?

சும்மா_பார்ப்பவன்:
நான்காவது நகர்த்தலில் டி3 ஆடிவிட்டால் இந்தத் தலைவலியே இல்லையே?

யானைப்பாதை:
ஆடலாம் சார், பலர் ஆடுகிறார்கள். ஆனால் இந்த நிலையைப் புரிந்துகொள்ளாமல் ஒதுங்க எனக்கு மனம் வரவில்லை.

வெள்ளைக்கட்டம்:
சரி, எனக்குச் சாதகமில்லாத ஒன்றையும் நானே சொல்கிறேன். முதன்முதலில் கறுப்பில் ஆடியபோது எச்5 தள்ளாமல் மெத்தனமாக இருந்தேன். எதிராளி எச்3, ஜி4 என்று வந்தார். எஃப்5 குதிரை இ7-க்கு ஓடியது, எஃப்8 பிஷப்பின் வாசலை அதுவே அடைத்தது. எச்8 யானை தூங்கிக்கொண்டே இருந்தது. பிறகு எஃப்4, எஃப்5 என்று சிப்பாய்கள் கைகோத்து இறங்கின. நீங்கள் சொன்ன நான்குக்கு மூன்றை அன்றைக்குக் கண்ணால் பார்த்தேன்.

யானைப்பாதை:
இதைத்தானே நானும் சொல்கிறேன்! எச்5 தள்ளினாலும் ஜி5 ஓட்டையாகிவிடும். எச்6-இலிருந்து விரட்டச் சிப்பாய் கிடையாது, என் குதிரையோ பிஷப்போ அங்கே போய் உட்கார்ந்துகொள்ளும்.

வெள்ளைக்கட்டம்:
உட்காரட்டும். நான் எச்4 வரை தள்ளி, யானையை எச்5-க்கு ஏற்றினால் உங்கள் இ5 சிப்பாய்க்கு யார் காவல்?

யானைப்பாதை:
யானை இ1. அவ்வளவுதான்.

வெள்ளைக்கட்டம்:
அப்போது டி-வரிசையை யார் பிடிப்பது?

யானைப்பாதை:
இன்னொரு யானை இருக்கிறதே! கணினியில் நகர்த்தல் சொல்லும் சதுரங்க எஞ்சினை அணைத்துவிட்டு வாருங்கள், இந்த நிலையிலிருந்தே இரண்டு ஆட்டம். இரண்டிலும் எனக்கு வெள்ளை.