எல்லாமே தேமாங்காய்

மகள் பத்தாம் வகுப்பு. செய்யுளைச் சீர், அசை எனப் பிரித்து அலகிட்டுப் பழகட்டும் என்று திருக்குறளின் வான்சிறப்பு அதிகாரத்திலிருந்து 12ஆம் குறளைக் கொடுத்துவிட்டு அடுப்படியில் இருந்தேன்.

துப்பார்க்குத் துப்பாய துப்பாக்கித் துப்பார்க்குத்
துப்பாய தூஉம் மழை

கொஞ்ச நேரத்தில் நோட்டோடு வந்து நின்றாள். "அம்மா, எங்கேயோ தப்பா பிரிச்சிட்டேன். எல்லாமே தேமாங்காய்னு வருது."

வாங்கிப் பார்த்தேன். துப்/பார்க்/குத், துப்/பா/ய, துப்/பாக்/கித். பிழையே இல்லை. முதல் ஐந்து சீரும் தேமாங்காய்தான், ஒவ்வொன்றிலும் மூன்று நேரசை (தனிக் குறிலோ நெடிலோ, ஒற்றோடும் வரலாம்). தூ/உம் இரண்டு நேரசை, தேமா. அதாவது 17 நேரசை வரிசையாக வந்தபிறகு, 'மழை' என்ற கடைசிச் சீரில்தான் ஒரே ஒரு நிரையசை, ஒரு குறிலோடு இன்னொரு குறிலோ நெடிலோ சேர்ந்த அசை. இதே குறளை நானும் பள்ளியில் அலகிட்டு மதிப்பெண் வாங்கியவள்தான். இது கண்ணில் பட்டதே இல்லை. கரண்டியைக் கீழே வைத்துவிட்டேன்.

அப்புறம் இருவரும் உட்கார்ந்து தொடையை, அதாவது சீர்களில் எழுத்துகள் ஒத்து வருவதைப் பார்த்தோம். முதலடியின் நான்கு சீரும் 'து'வில் தொடங்குகின்றன, முற்று மோனை. நான்கிலும் இரண்டாம் எழுத்து 'ப்', அதனால் முற்று எதுகையும்கூட. 'தூஉம்' வரை அந்த ஓசை விடவில்லை. அதிலிருந்து விலகி நிற்கும் ஒரே சொல் மழை. உண்பவர்க்கு நல்ல உணவை விளைவித்து, தானும் உணவாவது எது என்று கடைசிவரை காக்க வைத்துவிட்டுச் சொல்கிறார் வள்ளுவர். 'துப்பு' ஓரிடத்தில் உணவு, ஓரிடத்தில் நல்லது. திரும்பத் திரும்ப வந்தும் சலிக்காததற்கு அதுவும் காரணம்.

"தூஉம்ல அந்த உ எதுக்கு?" என்றாள். 'துப்பு ஆயதூஉம்' என்பதுதான் சொல், சீருக்காக நடுவில் பிரிந்து நிற்கிறது. உகரத்தை எடுத்தால் 'தூம்' என்று ஓரசை மட்டும் மிஞ்சும். வெண்பாவில் ஈற்றுச் சீர் தவிர வேறெங்கும் ஓரசைச் சீர் நிற்காது.

சரி என்று 15ஆம் குறளுக்குப் போனாள். 'கெடுப்பதூஉம் கெட்டார்க்கு' என்பதை 'கெடுப்பதும்' என்று மாற்றி எழுதிப் பார்த்து, "இங்க உ இல்லாட்டியும் தளை தட்டலையே?" என்று கேட்டாள். தளை என்பது ஒரு சீரும் அடுத்த சீரும் இணையும் கட்டு, அது தட்டாதுதான். ஓசை இனிமைக்காகவே நீள்வதால் அது இன்னிசை அளபெடை. இரண்டு விதமாகவும் உரக்கச் சொல்லிப் பார்த்தோம். 'கெடுப்பதும்' என்றபோது அவளே தலையாட்டி மறுத்தாள்.