50 மீட்டர் ப்ரோன்: வேகம் ஏறி இறங்கும் லாட்டை ஒதுக்கிவிடலாமா?

கோவை_ப்ரோன் கேட்டது:

வணக்கம். மூன்று வருடமாக .22 ரைஃபிளில் 50 மீட்டர் ப்ரோன் (படுத்தபடி சுடுவது) சுடுகிறேன். 60 ஷாட்டுக்கு 603, 605 என்று நின்றுவிட்டது, அதற்கு மேல் ஏறவில்லை. மாநிலப் போட்டிக்கு இன்னும் ஆறு வாரம்தான் இருக்கிறது.

போன ஞாயிற்றுக்கிழமை கிளப் நண்பர் ஒருவர் க்ரோனோகிராஃப் (குண்டின் வேகத்தை அளக்கும் கருவி) கொண்டுவந்தார். என்னிடம் ஒரே கம்பெனித் தோட்டாவில் இரண்டு லாட் (தனித்தனித் தயாரிப்புத் தொகுதி) இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் 10 ஷாட் சுட்டு வேகம் எடுத்தேன். முதல் லாட்டில் குறைந்தது 322, அதிகம் 331 மீ/வி, திட்ட விலக்கம் (சராசரியிலிருந்து பொதுவாக எவ்வளவு விலகுகிறது என்ற அளவு) 2.9. இரண்டாவது லாட்டில் 319-லிருந்து 334 வரை போகிறது, திட்ட விலக்கம் 4.8. சராசரி இரண்டிலும் 327 பக்கம்தான்.

இரண்டாவது லாட்டில் இன்னும் 1,400 தோட்டா மீதி இருக்கிறது. முதல் லாட்டில் 300தான். அப்பா கொடுத்த பணத்தில் வாங்கியது, சும்மா ஒதுக்க மனசு வரவில்லை. சில ஷாட் எனக்கு 9.7, 9.8 புள்ளி என்று விழுவதற்கு இந்த வேக வித்தியாசம்தான் காரணமா? 50 மீட்டரில் இது எத்தனை மில்லிமீட்டர் ஆகும்? 380 மீ/வி போகும் வேகத் தோட்டாவுக்கு மாறினால் சரியாகிவிடும் என்று ஒருவர் சொல்கிறார். அது உண்மையா?

பழைய_ஸ்கோர்புக்:

தம்பி, முதலில் கணக்கைப் பார்த்துவிடுவோம். 327 மீ/வி வேகத்தில் கிளம்பும் குண்டு 50 மீட்டரைக் கடக்க 0.16 வினாடி ஆகிறது. அதற்குள் குழல் பார்க்கும் கோட்டிலிருந்து 12 சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் அதிகமாகவே கீழே இறங்கிவிடுகிறது. இறங்கும் தூரம் நேரத்தின் வர்க்கத்தோடு போவதால், வேகம் 1 சதவீதம் குறைந்தால் இறக்கம் 2 சதவீதம் கூடும். அதாவது வேகத்தில் 1 மீ/வி வித்தியாசம், டார்கெட்டில் முக்கால் மில்லிமீட்டர். நம் டார்கெட்டில் ஒரு தசமத்தின் (0.1 புள்ளியின்) அகலம் 0.8 மில்லிமீட்டர். ஆக 1 மீ/வி என்பது ஏறக்குறைய ஒரு தசமம். உங்கள் 319-க்கும் 334-க்கும் இடையே 11 மில்லிமீட்டருக்கு மேல் இருக்கிறது, அது ஒரு முழு வளையத்தைவிட அதிகம்.

ஆனால் இந்த நகர்வு மேலும் கீழும் மட்டும்தான். குண்டு மெதுவாகப் போனால் கீழே விழும், இடப்பக்கம் போகாது. அதனால் நான் கேட்பது ஒன்றுதான்: உங்கள் 9.7 எந்தப் பக்கம் விழுகிறது?

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், நானும் ஒரு சீசன் முழுக்கத் தோட்டாவைத்தான் குறை சொன்னேன். அப்புறம் ஒரு மழை நாளில் ஸ்கோர்புக்கை எடுத்து, பத்து மேட்சின் ஷாட்டுகளை, மொத்தம் 600 ஷாட்டை, ஒரே வரைபடத்தாளில் குறித்தேன். வந்தது படுத்த முட்டை. உயரத்தைவிட அகலம்தான் அதிகம். வேகம் காரணமாக இருந்தால் முட்டை நின்றிருக்க வேண்டும். என் சிக்கல் காற்று. பக்கவாட்டில் 1 மீ/வி காற்று மாறினாலே 50 மீட்டரில் 7 மில்லிமீட்டருக்கு மேல் தள்ளும். அவ்வளவு மெல்லிய காற்று கன்னத்தில் பட்டும் படாமலும் போகும், ரேஞ்சில் காற்றைக் காட்டும் கொடியைப் பார்க்காவிட்டால் தெரியவே தெரியாது. வேகத்தில் 10 மீ/வி வித்தியாசம் செய்யும் கெடுதலை அது ஒன்றே செய்துவிடும்.

வேகத் தோட்டாவுக்கு மாறாதீர்கள். 30 டிகிரி வெயிலில் ஒலியின் வேகம் 349 மீ/வி. 380-ல் கிளம்பும் குண்டு அந்த எல்லையைத் தாண்டி இறங்கி வர வேண்டும், அங்கேதான் காற்றின் இழுவை மிக அதிகம். அதனால் .22-ல் வேகத் தோட்டாவைத்தான் பக்கக் காற்று கூடுதலாகத் தள்ளும். மேட்ச் தோட்டாக்களை ஒலிக்குக் கீழே வைத்திருப்பது இதற்காகத்தான்.

அப்புறம் உங்கள் 10 ஷாட் அளவு பற்றி. பத்தே ஷாட்டில் திட்ட விலக்கம் 2.9 என்று வந்தால், உண்மையான மதிப்பு 2-லிருந்து 5 வரை எதுவாகவும் இருக்கலாம். 2.9-க்கும் 4.8-க்கும் உள்ள வித்தியாசம்கூட தற்செயலாக வந்திருக்கலாம். அதிகம், குறைவு என்ற இரண்டு எண்களை நம்பவே வேண்டாம், ஷாட் கூடக்கூட அந்த இடைவெளி தானாகவே விரியும். ஒவ்வொரு லாட்டிலும் இன்னும் 30 சுடுங்கள். பழைய ஷீட்டுகள் இருந்தால் இடவலம் எவ்வளவு, மேல்கீழ் எவ்வளவு என்று தனித்தனியாகக் கணக்கிட்டுப் போடுங்கள், பார்க்கலாம்.

பிஸ்லி_தமிழன்:

அக்கா சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். நான் இங்கிலாந்தில் இருக்கிறேன், பிஸ்லியில் ஸ்டிக்கிள்டவுன் ரேஞ்சில் 1,000 யார்டு, அதாவது 914 மீட்டர் சுடுகிறேன். 7.62 மி.மீ. ரைஃபிள், 155 கிரெய்ன் (சுமார் 10 கிராம்) எடையுள்ள குண்டு. அந்தத் தூரத்தில் 10 மீ/வி குறைந்தால் ஷாட் ஏறக்குறைய 20 சென்டிமீட்டர் கீழே இறங்கும். அதனால் இங்கே எல்லாரும் வேகத்தைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருப்போம்.

ஆனால் வேகம் மாறினால் ஷாட் கட்டாயம் சிதறும் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். என்.சி.சி.யில் இருந்தவர்களுக்குப் பழக்கமான அதே .303 லீ-என்ஃபீல்டை எடுத்துக்கொள்ளுங்கள். பக்கத்துத் தூரத்தில் சுமாராகத்தான் குரூப் (ஷாட்டுகள் ஒன்றாக விழும் கூட்டம்) காட்டும், தூரம் போகப்போகத் தேறிவரும் என்று பழைய ஆட்கள் இங்கே சொல்வார்கள். காரணம் குழலின் அதிர்வு. அதன் போல்ட் பின்பக்கம் பூட்டுகிறது, சுடும்போது ரைஃபிள் வளைந்து குழல் முனை மேலும் கீழும் ஆடுகிறது. முனை மேலே ஏறிக்கொண்டிருக்கும் நேரத்தில் குண்டு வெளியேறினால், மெதுவான குண்டு ஒரு கணம் தாமதமாக, அதாவது முனை இன்னும் சற்று உயர்ந்த பிறகு வெளியே வரும். அந்தக் கூடுதல் உயரம் பின்னால் வரும் இறக்கத்தை ஈடுகட்டிவிடும். .22 ரைஃபிளில் குழல் முனையில் எடை மாட்டி முன்னும் பின்னும் திருகி வைப்பவர்களும் இதைத்தான் தேடுகிறார்கள்.

அதனால் க்ரோனோகிராஃப் மோசம் என்று சொன்ன லாட் உங்கள் குழலில் நன்றாகச் சுடவும் கூடும். டார்கெட்டில் என்ன விழுகிறது என்பதை வைத்து முடிவு செய்யுங்கள். குழலிலேயே கட்டுகிற வகை க்ரோனோகிராஃப் என்றால், அதை மாட்டியபடி குரூப் பார்க்காதீர்கள். அந்த எடையே அதிர்வை மாற்றிவிடும்.

கோவை_ப்ரோன்:

அக்கா, அண்ணா, இருவருக்கும் நன்றி. இரண்டாவது லாட்டில் சுட்ட ஒரு முழு 60 ஷாட் பயிற்சியின் எலெக்ட்ரானிக் டார்கெட் பதிவு இருந்தது. உட்கார்ந்து கணக்குப் போட்டேன். இடவலம் திட்ட விலக்கம் 5.2 மில்லிமீட்டர், மேல்கீழ் 6.2. முட்டை நிற்கத்தான் செய்கிறது, ஆனால் நான் நினைத்த அளவுக்கு இல்லை. மோசமான ஷாட்டுகளில் பாதிக்கு மேல் வலது பக்கம்.

பழைய_ஸ்கோர்புக்:

அருமை தம்பி, இதைச் செய்ததற்கே எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

பிடிப்பில் வரும் ஆட்டம் எல்லாப் பக்கமும் ஒரே அளவு என்று வைத்துக்கொள்வோம். சிதறல்களை நேராகக் கூட்டக் கூடாது, வர்க்கமாக்கித்தான் கூட்ட வேண்டும். 6.2-ன் வர்க்கத்தில் 5.2-ன் வர்க்கத்தைக் கழித்து மூலம் எடுத்தால் 3.4 மில்லிமீட்டர். க்ரோனோ காட்டிய 4.8 மீ/வி-யை மில்லிமீட்டராக்கினால் 3.6. ஓரளவு ஒத்துப்போகிறது. முதல் லாட்டில் இது 2.2 ஆகக் குறைந்தால், மேல்கீழ் 6.2 என்பது 5.6 பக்கம் வரும். 60 ஷாட்டுக்கு இரண்டரைப் புள்ளி கிடைக்கும். போட்டியில் அது பல இடங்களைத் தாண்ட வைக்கும், அதனால் அந்த 300 தோட்டாவைப் போட்டிக்கென்று பத்திரமாக வையுங்கள்.

ஆனால் இடவலத்தை 5.2-லிருந்து 4.2-க்குக் கொண்டுவந்தால், இதே இரண்டாவது லாட்டிலேயே நாலரைப் புள்ளி ஏறும். அதற்குக் காசு வேண்டாம், 1,400 தோட்டாவும் ஆறு வாரமும் போதும். வலப்பக்க ஷாட் ஒவ்வொன்றுக்கும் அந்த நேரம் கொடி எப்படி இருந்தது என்று பக்கத்திலேயே எழுதுங்கள்.

வெயில் பற்றியும் சொல்லிவிடுகிறேன், நம் ஊரில் இது பெரிய விஷயம். தோட்டா சூடானால் வேகம் கூடும். ஒரு மே மாதம் பெட்டியைக் கறுப்பு விரிப்பில் வெயிலில் வைத்துவிட்டேன், இருபதாவது ஷாட்டுக்குள் குரூப் முழுவதும் மேலே நகர்ந்துவிட்டது. சைட்டை இறக்கினேன். புதுப் பெட்டி திறந்ததும் எல்லாம் கீழே போனது. அன்றிலிருந்து வெள்ளைத் துணி மூடித்தான் வைப்பேன். காற்றுக்காகக் காத்திருக்கும்போது தோட்டாவைச் சூடான சேம்பரில் (குழலின் பின்பக்கத் தோட்டா அறையில்) போட்டுவிட்டுப் படுத்திருக்காதீர்கள். காற்று சரியான பிறகு போடுங்கள். லாட் மாற்றினால் முதல் பத்து, பதினைந்து ஷாட்டைக் கணக்கில் எடுக்காதீர்கள், குழலுக்குள் பழைய லாட்டின் மெழுகு இருக்கும்.

கோவை_ப்ரோன்:

சரி அக்கா. நாளை காலை ஆறரைக்கே, காற்று எழும்பும் முன், ரேஞ்சுக்குப் போகிறேன். முதல் லாட்டில் 30 மட்டும், மீதி நேரமெல்லாம் இரண்டாவது லாட். வீட்டில் பழைய வேட்டி ஒன்று இருக்கிறது, பெட்டியை மூட அதைக் கிழித்து எடுத்துக்கொண்டேன். சனிக்கிழமை புது எண்களோடு வருகிறேன்.